நான் ரத்து செய்த வெள்ளிக்கிழமை

அருப்புக்கோட்டைக் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. எங்கள் கடையில் யாரும் 'இல்லை' என்று சொல்லக் கூடாது. சீனி மூட்டை காலியாகச் சுருண்டு கிடந்தாலும் கேட்டு வந்தவரிடம், "லோடு வந்துக்கிட்டு இருக்கு, சாயந்தரம் வாங்க" என்றுதான் சொல்ல வேண்டும். வாயால் 'இல்லை' என்றால் லட்சுமி படியிறங்கிவிடுவாள் என்று நம்பிக்கை. நான் கடை வேண்டாமென்று கம்ப்யூட்டர் படித்தேன். சென்னையில் பல வருடம் குப்பை கொட்டினேன், மேனேஜர் ஆனேன். நாக்கு மட்டும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டது. யார் எதைக் கேட்டாலும் முகம் கோணாமல் பதில் சொல்பவன் என்று கம்பெனியில் எனக்கு நல்ல பேர். அந்த நல்ல பேருக்காக ஏழு பேர் கொண்ட ஒரு டீமைக் கெடுத்தேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எல்லாரும் வீட்டிலிருந்து வேலை பார்த்துப் பழகிய பிறகு, கம்பெனிக்குச் சின்ன ஊர்களில் கிளை திறக்கும் ஆசை வந்தது. சொந்த ஊர்க்காரன் என்று என்னை அருப்புக்கோட்டைக்கு அனுப்பினார்கள். கீழே உரக்கடை, மேலே நாங்கள். ஏறி வரும்போதே யூரியா வாடை மூக்கில் ஏறும். சுற்று வட்டாரத்து ஆட்கள் ஏழு பேரைச் சேர்த்தோம். எல்லாருக்கும் ஒரே ஆசைதான்: படித்த படிப்புக்கு வேலை பார்க்க வேண்டும், சாயங்காலம் பஸ் பிடித்து வீட்டுக்கும் போக வேண்டும். சென்னைக்குப் போகாமல் அது நடக்கும் என்று அதுவரை அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

அந்த ஏழு பேரில் மூத்தவர் ஒரு பெண். கல்யாணத்துக்கு முன் நாலு வருடம் சென்னையில் வேலை பார்த்தவர். திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமத்தில் வாக்கப்பட்டு, பிள்ளை பெற்று, கம்ப்யூட்டரையே மறந்துவிட்டேன் சார் என்று சொல்லிக்கொண்டு வந்தவர். கணவர் சிங்கப்பூரில். அதனால் வீட்டில் மாமனார் சொல்வதுதான். வேலையில் சேருகிற அன்று மாமனாரும் கூடவே வந்தார். மிளகாயும் மல்லியும் போடும் சம்சாரி. ஒரு சுற்று ஆபீசைப் பார்த்தார். பெண்கள் கழிப்பறைக் கதவை இழுத்துத் தாழ்ப்பாள் விழுகிறதா என்று பார்த்தார். பிறகு என் எதிரே உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எங்க ஊருக்குள்ள போற கடேசி பஸ்ஸு ஆறு மணிக்கு. அதுக்கு விட்டுருவீகளா?"

"விட்டுருவோம்யா."

"ஒரு நா தவறிருச்சுன்னா மறுநா அனுப்ப மாட்டேன் சார். பெறகு என்னையக் கொற சொல்லக் கூடாது."

வடநாட்டில் மருந்து வினியோகம் செய்யும் ஒரு கம்பெனிக்கு எங்கள் வேலை. அவர்களுடைய கிடங்குகளில் எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது, எது காலாவதியாகப் போகிறது என்று காட்டும் மென்பொருள். வேலை செய்யும் முறைக்கு அஜைல் என்று பேர். பேர்தான் பெரிசு, விஷயம் எளிது. ஆறு மாத வேலையை மொத்தமாக வாரிப் போட்டுக்கொள்ளாமல் இரண்டு இரண்டு வாரத் துண்டாக எடுப்பது. எவ்வளவு எடுப்பது என்பதை டீமே முடிவு செய்வது. தினமும் காலையில் பத்து நிமிடம் நின்றபடி யாருக்கு எங்கே சிக்கல் என்று பேசுவது. இரண்டாவது வெள்ளிக்கிழமை உட்கார்ந்து எது சரியாக நடந்தது, எது கெட்டது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது. இதில் மேனேஜருக்கு என்ன வேலை என்று கம்பெனி எனக்கு இரண்டு நாள் பாடம் நடத்தியிருந்தது. தலையாட்டிவிட்டு வந்திருந்தேன்.

காலைப் பேச்சில் நானும் போய் நின்றேன். நான் நின்றதும் ஏழு பேரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் என் முகத்தைப் பார்த்து, "ஆயிரும் சார்", "ஒண்ணும் பிரச்சினை இல்ல சார்" என்றார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது. அடடா, இப்படி ஒரு டீமா என்று சென்னைக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன். இரண்டு வாரம் முடிந்தபோது பாதி வேலைகூட ஆகவில்லை. மூன்றாவது வாரம் அந்தப் பெண் என் அறைக்கு வந்தார்.

"தப்பா எடுத்துக்கிறாதீக சார். காலையில நாங்க நின்னு பேசுறப்ப நீங்க வர வேணாம்."

"ஏம்மா?"

"நீங்க நின்னா எல்லாரும் உங்களுக்குத்தான் சொல்றாக. யாருக்கு என்ன மொடைன்னு எங்களுக்குள்ள தெரிய மாட்டேங்குது."

என்னையே வராதே என்கிறாரே என்று இரண்டு நாள் உள்ளுக்குள் பொருமினேன். மூன்றாம் நாள் அறைக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு வாரம் போயிருக்கும், வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது. அதற்கடுத்த வாரம் என் கண்ணாடிக் கதவில் சிவப்புச் சீட்டுகள் ஒட்ட ஆரம்பித்தார்கள். 'மத்தியானம் கரண்டு போகுது, இன்வெர்ட்டர் பத்தல.' 'சென்னைக்காரங்க அனுமதி குடுக்கல, மூணு நாளா காத்திருக்கோம்.' அவர்களால் முடியாதது, நான் போய் முட்டினால் நகரக்கூடியது, அதை மட்டும் ஒட்டுவார்கள். நான் முடித்துவிட்டுச் சீட்டைக் கிழித்துப் போடுவேன். இரண்டு நாள் பாடத்தில் புரியாத என் வேலை அந்தக் கதவில் புரிந்தது. மேனேஜராக நான் உருப்படியாக இருந்த காலம் அதுதான்.

மற்றதையெல்லாம் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். வீரசோழன் என்ற ஊரிலிருந்து வருகிறவர் ஒருவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். நோன்பு மாதத்தில் அவர் விடியலிலேயே வந்துவிட்டு மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று ஆறு பேரும் பேசி முடித்திருந்தார்கள். எனக்குச் சேதிதான் வந்தது. திருச்சுழிப் பக்கம் மிளகாய்ப் பழம் எடுக்கும் வாரத்தில் அந்தப் பெண்ணின் பங்கைக் குறைத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் அவர் அதைச் சேர்த்துச் செய்தார். யாரும் யாரையும் ஏவவில்லை. எடுத்துக்கொண்ட வேலை சொன்ன நாளில் முடிந்தது. ஆறு மணி பஸ் ஒரு நாளும் தவறவில்லை.

என் நாக்கு சும்மா இருக்குமா? ஒரு நாள் மருந்துக் கம்பெனிக்காரர் போனில், காலாவதி மருந்தைத் திருப்பி அனுப்புவதற்கும் ஒரு பக்கம் வேண்டும், இந்த இரண்டு வாரத்திலேயே சேர்த்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், "வந்துரும் சார்" என்றேன். சாயந்தரம் லோடு வந்துவிடும் என்கிற அதே குரல். டீம் தலையைக் குனிந்துகொண்டு செய்தது. சோதித்துப் பார்க்க நேரமில்லை. அங்கே ஒரு கிடங்கில் நல்ல மருந்தெல்லாம் காலாவதி என்று காட்டியது. மறுநாள் அவர்கள் போனில் கத்தியபோது அந்தப் பெண் குறுக்கிட்டு, நாங்கள் சரியாகச் சோதிக்கவில்லை, மன்னிக்க வேண்டும் என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். திட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். யாரும் திட்டவில்லை. அந்தப் பெண்தான் பேசினார்.

"உங்களுக்கு இல்லேன்னு சொல்ல வராது சார், அது எங்களுக்குத் தெரியும். சொல்ல வேணாம். 'டீம்ல கேட்டுட்டுச் சொல்றேன்'னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் குறையை மாற்றச் சொல்லவில்லை, அதைச் சுற்றிப் போக ஒரு வழி செய்து கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கும் மேல் அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே ஓட்டினேன். மருந்துக்காரர் எது கேட்டாலும் கேட்டுட்டுச் சொல்றேன். அவருக்கும் பழகிவிட்டது. டீம் கேட்டு, யோசித்து, இதை இப்போது செய்யலாம், அதைப் பிறகு செய்யலாம் என்று சொல்லும். அதுதான் நடக்கும். கம்பெனியிலேயே சொன்ன சொல் தவறாத டீம் என்று எங்களுக்குப் பேர் வந்தது. அந்தப் பேர்தான் எங்களுக்கு எமனாக வந்தது.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவும் நேரத்தில் சென்னையிலிருந்து போன். எனக்கு மேலே இருக்கும் அதிகாரி.

"உங்க டீம் சூப்பர். இங்க ஒரு புது புராஜெக்ட் மாட்டிக்கிட்டு முழிக்குது. உங்ககிட்டேருந்து மூணு பேரை சென்னைக்கு ஷிஃப்ட் பண்ணிடுங்க. அந்த லேடி கண்டிப்பா வேணும். பிராப்ளம் ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல சார். பண்ணிரலாம்."

ஈரக் கையோடு சொன்னேன். அவ்வளவுதான், முடிந்தது. மருந்துக்காரரிடம் ஒரு வருடமாகச் சொல்லிப் பழகிய அந்த வாக்கியம் என் அதிகாரியிடம் வரவில்லை. மேலே இருக்கிறவர் கேட்டால் சரி என்றுதான் சொல்ல வேண்டும் என்று உடம்பே முடிவு செய்துவிட்டது. ஏழில் மூன்றை எடுத்தால் நாலு மிஞ்சும் என்பது பள்ளிக்கூடத்துக் கணக்கு. டீமில் அப்படி மிஞ்சாது. ஒருவருக்கொருவர் ஏற்ற மாதிரி இரண்டு வருடமாக வளைந்து கொடுத்துப் பழகியவர்கள் அவர்கள். அதை அறுத்துத் துண்டு துண்டாக எடுத்துப் போக முடியாது. இதெல்லாம் போனை வைத்த நிமிடமே எனக்குத் தெரிந்தது. திரும்பக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கூப்பிடவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, கூட்டம் இருந்த வெள்ளிக்கிழமை. காலையில் அந்தப் பெண் என் கதவைத் தட்டினார். முகம் அப்படி ஒரு வெளிச்சமாக இருந்தது.

"மூணு மணி மீட்டிங்குக்கு இன்னைக்கு நீங்களும் கண்டிப்பா வாங்க சார்."

"வாரேன்மா."

வேறு என்ன சொல்ல? அவர்களுக்கு விஷயம் தெரியாது என்றுதான் நினைத்தேன். அந்த ஏழு முகத்தையும் பார்த்து, உங்களில் மூன்று பேரைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இரண்டு மணிக்கு, 'விருதுநகரில் அவசர வேலை, மீட்டிங் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒரு மெசேஜ் போட்டுவிட்டுக் காரை எடுத்தேன். விருதுநகர்வரைகூடப் போகவில்லை. வழியில் பாலவனத்தத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். இரண்டு டீ குடித்தேன். பஸ்கள் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு மணி பஸ் கிளம்பியிருக்கும் என்று தெரிந்த பிறகு ஊர் திரும்பினேன். பரீட்சைக்குப் பயந்து வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளும் பிள்ளைக்கும் எனக்கும் அன்று வித்தியாசம் இல்லை.

திங்கட்கிழமை மூன்று பேருக்கும் கடிதம் வந்தது. சென்னையில் குடியேறி வேலை பார்க்க வேண்டும், முடியாதென்றால் விலகிக்கொள்ளலாம். டவுனைச் சேர்ந்த இரண்டு பேர் பெட்டி கட்டினார்கள். அந்தப் பெண் ராஜினாமாக் கடிதத்தோடு வந்தார். வாங்கி வைத்துக்கொண்டு கேட்டேன்.

"வீட்டுல விட மாட்டேன்னுட்டாகளாம்மா?"

என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"அப்படியே வச்சுக்கங்க சார்."

அப்படியேதான் வைத்துக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு வசதி! கழிப்பறைத் தாழ்ப்பாளைச் சோதித்த மாமனார், ஆறு மணி பஸ்ஸுக்குக் கறார் பேசிய மாமனார், அவரா மருமகளைச் சென்னைக்கு விடுவார்? கிராமத்து வீடு அப்படித்தான், நாம் என்ன செய்ய முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனைவியிடம் சொன்னேன். சென்னையிலும் அதையே சொன்னேன். சொல்லச் சொல்ல அது உண்மை மாதிரி ஆகிவிட்டது.

மிச்சம் நாலு பேரையும் நாலு வேறு வேறு டீமில் போட்டார்கள். ஒருவருடைய தலைவர் புனேயில், ஒருவருடைய தலைவர் சென்னையில். எல்லாரும் ஒரே அறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எங்கெங்கோ இருப்பவர்களோடு பேசுகிறார்கள். காலையில் யாரும் நின்று பேசுவதில்லை. என் கதவில் சீட்டு ஒட்டுவார் இல்லை. கண்ணாடி சுத்தமாக இருக்கிறது.

எட்டு மாதம் கழித்து ஒரு பட்டா மாறுதல் விஷயமாகத் திருச்சுழி தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தேன். வேப்பமரத்தடியில் பயிர்ச் சேதத்துக்கு எழுதிக் கொடுக்க வந்தவர்கள் கூட்டமாக நின்றார்கள். அதில் அந்த மாமனாரும் இருந்தார். போன மழையில் மிளகாய் அழுகிவிட்டதாம். அவராகவே வந்து, "சார், சவுக்கியமா?" என்றார். சவுக்கியம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். இத்தனை நாளாகச் சொல்லிச் சொல்லி ஊறிப்போன கதை வாயில் வந்து நின்றது.

"நீங்க கொஞ்சம் விட்டுக் குடுத்திருக்கலாம்யா. அம்புட்டு நல்ல வேலைக்காரப் பொண்ணு."

"நான் என்னத்த விட்டுக் குடுக்கல?"

"சென்னைக்கு அனுப்ப மாட்டேன்னுட்டீகளே."

அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"யாரு சார் சொன்னது? ஒரேயடியாக் குடிபோகச் சொன்னா, பிள்ளைய வச்சுக்கிட்டு எப்படிப் போகும்? மாசத்துல ஒரு வாரம் போயிட்டு வாரேன் மாமான்னு கேட்டுச்சு. மொதல்ல வேணாம்னுதான் சொன்னேன். ரெண்டு நாளா அழுதுச்சு. எங்க டீமு பிரியாம இருக்கணும்னா எல்லாரும் கொஞ்சங்கொஞ்சம் தரணும் மாமா, என் பங்கு இதுன்னுச்சு. எனக்கு என்ன புரிஞ்சது? பிள்ள அழுகுதேன்னு, சரி தாயி போயிட்டு வா, பேரன நாங்க பாத்துக்கிறோம்னு சொல்லிட்டேன். மறுநா வெள்ளிக்கெழம. அம்புட்டுச் சந்தோசமாப் போச்சு சார் அன்னைக்கு."

"சாயந்தரம் வந்து என்னய்யா சொன்னாக?" என்று கேட்டேன்.

"சாயந்தரம் வந்து ஒண்ணும் பேசல. கேட்டதுக்கு, சாரு வரல மாமா, மீட்டிங்கு நடக்கலன்னுச்சு. பெறகு நானும் கேக்கல."

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். உள்ளேயிருந்து அவர் பேரைக் கூப்பிட்டதும், "வாரேன் சார்" என்று போய்விட்டார். பட்டாவை வாங்காமலேயே நானும் கிளம்பினேன்.

ஆபீசில் வீரசோழன்காரர் மட்டும் போனில் இல்லாமல் இருந்தார். பக்கத்தில் போய் நின்று, அந்த வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் என்ன பேசுவதாக இருந்தீர்கள் என்று கேட்டேன். ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"இப்ப எதுக்கு சார் அது?"

"சொல்லுங்க."

"சென்னையில இருக்க கூட்டாளி ஒருத்தன் செவ்வாக்கெழமையே போன்ல சொல்லிட்டான், மூணு பேரைக் கேக்கப் போறாகன்னு. சாரை மாட்டிவிடாம நாமளே ஒரு வழியோட போவோம்னு அந்தக்காதான் சொன்னாக. மூணு நாளு உக்காந்து போட்டோம். திங்கக்கெழம கடுதாசி வந்ததும், நீங்க ஏற்கெனவே சரின்னுட்டீகன்னு தெரிஞ்சுபோச்சு, காட்டாம உள்ள வச்சுட்டேன்."

மேஜை டிராயரைத் திறந்து அடியிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெண்ணின் கையெழுத்து. யாரையும் பிரிக்காமல், அந்தச் சென்னை வேலையையே இரண்டு இரண்டு வாரத் துண்டாக இங்கே எடுத்துக்கொள்வது. முறை வைத்து ஆளுக்கு மாதத்தில் ஒரு வாரம் சென்னையில் போய் இருப்பது. முதல் வாரம் தான் போவதாக அவர் எழுதியிருந்தார். எழுதியதன் பக்கத்தில் முதலில் பென்சிலில் 'மாமாவைக் கேட்கணும்' என்று போட்டு, பிறகு அதை அடித்து 'சரி' என்று பேனாவில் போட்டிருந்தது. மற்ற ஆறு பேர் வரிகளிலும் பென்சில் குறிப்புகள். 'அம்மா ஆபரேஷன் தேதி பார்க்கணும்.' 'வீட்டில் இன்னும் சொல்லல.' 'நோன்பு மாசம் தவிர.' ஒவ்வொருவரும் தன் பங்கில் எது உறுதி, எது சந்தேகம் என்று நேர்மையாக எழுதியிருந்தார்கள்.

எட்டாவதாக ஒரு வரி இருந்தது. எனக்கும் ஒரு வேலை போட்டிருந்தார்கள். 'சென்னையில் பேசி ஒத்துக்கொள்ள வைப்பது: சார்.' அந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலில் எந்தச் சந்தேகமும் எழுதவில்லை.